கண்ணெதிரே கறந்த பால்: மால்டா காய்ச்சல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நூறு ஆண்டுகளுக்கு முன் மால்டாத் தீவில் வீட்டு வாசலுக்குப் பால் வராது, ஆடு வரும். ஆட்டுக்காரர் தன் மந்தையை வல்லெட்டாவின் கல்பாவிய தெருக்களில் ஓட்டி வருவார். யாராவது கதவைத் திறந்து பாத்திரத்தை நீட்டினால் ஓர் ஆட்டை நிறுத்தி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு காம்புகளையும் மாற்றி மாற்றிப் பீச்சி, கேட்ட அளவை அங்கேயே கறந்து கொடுப்பார். மாடியில் குடியிருப்பவர் கீழே இறங்கக்கூட வேண்டாம். ஆடு படியேறிப் போகும்.

வாங்குபவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கலக்கவில்லை, நேற்றைய பால் இல்லை, வேறு எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு அவருடைய கண்ணே சாட்சி. ஆட்டின் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் நுரை பொங்கும் பால் வீட்டுக்குள் போய்விடும். பாலுக்கு இதைவிடக் கடுமையான தரச் சோதனை இருக்க முடியாது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அந்தக் கிண்ணத்திலிருந்துதான் பிரிட்டிஷ் படையினர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் நோயில் விழுந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும் உள்ளூர் மக்களுக்கு அந்தப் பால் முழுதாகப் பாதுகாப்பாவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. மருத்துவ வரலாறு இந்த நிகழ்வைக் கிருமியின் கதையாகச் சொல்வது வழக்கம். நான் இதைப் பால் உற்பத்தியின் கதையாகப் பார்க்கிறேன். மடியில் தொடங்கி வாயில் முடியும் ஒரு பாதை, அதில் பால் எங்கும் நிற்காமல் போனது. சிக்கல் அங்கேதான் இருந்தது.

நோய்

மால்டா அன்று பிரிட்டிஷ் கடற்படையின் மத்தியதரைக் கடல் தளம். பெரிய துறைமுகம், பெரிய காவல்படை, கூடவே இராணுவ, கடற்படை மருத்துவமனைகள். அங்கே வந்து சேரும் படையினரை ஒரு விநோதமான காய்ச்சல் பிடித்தது. சில நாட்கள் ஏறும், இறங்கும், குணமாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். இரவில் படுக்கையே நனையும்படி வியர்க்கும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் வலி. ஆண்களில் சிலருக்கு விரை வீங்கும். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று மனமும் சோர்ந்துவிடும். இறப்பவர்கள் குறைவு, நூற்றில் இரண்டு பேர் என்ற அளவு. ஆனால் பிழைப்பவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, எலும்பும் தோலுமாக ஊர் திரும்புவார். காய்ச்சல் அலை அலையாக வருவதால் அதற்கு அலைக்காய்ச்சல் என்றும் பெயர் வந்தது. 1860களின் தொடக்கத்தில் இதைப் பிற காய்ச்சல்களிலிருந்து பிரித்து விரிவாக எழுதிய இராணுவ மருத்துவர் ஜெஃப்ரி மார்ஸ்டன், தானே அதில் விழுந்து எழுந்தவர்.

1884இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் மால்டாவுக்கு வந்தார். இந்தக் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து மிக நுண்ணிய ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து 1887இல் அறிவித்தார். தீவின் பழைய ரோமானியப் பெயரான மெலிட்டாவைச் சேர்த்து 1893இல் அதற்கு மைக்ரோகாக்கஸ் மெலிட்டென்சிஸ் என்று பெயரிட்டார். 1897இல் ஆல்ம்ராத் ரைட் என்ற ஆய்வாளர், இந்த நோயைச் சொட்டு இரத்தத்திலிருந்து அறியும் வழியைக் காட்டினார். நோயாளியின் இரத்தத் தெளிநீரை நீர்த்து, கிருமி கலந்த கலங்கல் நீருடன் மெல்லிய கண்ணாடிக் குழாயில் சேர்த்து வைத்தால், நோய் கண்டவருடையதாக இருக்கும்பட்சத்தில் கலங்கல் தெளியும். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு குழாயின் அடியில் வெண்பொடியாகப் படியும். மற்றவருடையது கலங்கியபடியே இருக்கும்.

ஆக, 1897 வாக்கில் கையில் கிருமி இருந்தது, சோதனை இருந்தது. கிருமி மனிதருக்குள் எப்படி நுழைகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

தவறிய தடங்கள்

முதல் சந்தேகம் துறைமுகத்தின் மீது. நகரக் கழிவெல்லாம் துறைமுக நீரில் கலந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம்தான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்றார்கள். சாக்கடைகளைச் சீர்படுத்திய பிறகும் காய்ச்சல் அசையவில்லை. பிறகு தூசி, குடிநீர், கொசு, நோயாளியைத் தொடுதல் என்று பட்டியல் நீண்டது.

இத்தனைக்கும் ஒரு தடயம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. எண்ணிக்கை விகிதத்தில் பார்த்தால், சாதாரணச் சிப்பாய்களைவிட அதிகாரிகளுக்கே காய்ச்சல் பல மடங்கு அதிகம். அழுக்கும் நெரிசலும் காரணம் என்றால் பாசறையில் அடைந்து கிடந்த சிப்பாய்க்கல்லவா முதலில் வர வேண்டும்? வசதியாக இருப்பவரைத் தேடிப் பிடிக்கும் இந்த நோய் எதன் வழியாக வருகிறது? இன்னொன்றும் இருந்தது. வேறு ஏதோ உடல்நலக் குறைவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அங்கேயே இந்தக் காய்ச்சலை வாங்கிக்கொண்டார்கள். செவிலியருக்கும் வந்தது. அதிகாரிகளின் உணவுக்கூடம், மருத்துவமனை வார்டு இரண்டுக்கும் பொதுவாக இருந்தது தாராளமான பால். நோயாளி தேற வேண்டுமென்று கிண்ணம் கிண்ணமாக அதைக் கொடுத்தார்கள். பின்னாளில் படிக்கும்போது பளிச்சென்று தெரிகிற விஷயம்தான். அன்று அதைப் பார்த்தவர்களுக்குப் பால் மருந்தின் பக்கத்தில் இருந்தது, நோயின் பக்கத்தில் இல்லை.

1904இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் பொறுப்பில் மத்தியதரைக் காய்ச்சல் ஆணையம் அமைந்தது. தலைமை புரூஸ். இராணுவம், கடற்படை, மால்டாவின் சிவில் நிர்வாகம் மூன்றின் சார்பிலும் ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்களில் மால்டாக்காரர் தெமிஸ்டோக்கிள்ஸ் ஸம்மிட். பொதுச் சுகாதாரத் துறையில் நுண்ணுயிரிச் சோதனைகளைக் கவனித்தவர். (பின்னாளில் தார்ஷீனின் கற்காலக் கோயில்களைத் தோண்டி வெளிக்கொணர்ந்தவரும் இவரேதான். சிலருக்கு ஒரு வாழ்க்கை போதுவதில்லை.)

ஆறில் ஐந்து

கிருமி எந்தெந்த விலங்கைத் தாக்குகிறது என்று பார்ப்பதும் ஆணையத்தின் வேலைகளில் ஒன்று. தீவில் அப்போது இருபதாயிரம் அளவில் ஆடுகள் இருந்தன. பசும்பால் மிகக் குறைவு. தீவே ஆட்டுப்பாலில் நடந்தது. ஸம்மிட் ஆடுகளை எடுத்துச் சோதித்தார். கிருமியைக் கொடுத்தும் ஆடுகள் காய்ச்சலில் படுக்கவில்லை. தீனி தின்றன, அசை போட்டன, பால் கொடுத்தன. ஆட்டுக்கு இந்த நோய் வராது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் இரத்தத்தையும் பார்த்தார். 1905 ஜூனில் நடந்த முதல் சோதனைகளில், கிருமியே கொடுக்கப்படாத ஆறு ஆடுகளில் ஐந்தின் இரத்தம் குழாயில் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைத்தது. ஆடுகளுக்கு நோய் ஏற்கெனவே இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்து அவற்றின் இரத்தத்திலிருந்தே கிருமி பிரிக்கப்பட்டது. ஆணையத்தின் இன்னொரு உறுப்பினரான வில்லியம் ஹாரக்ஸ் அதைப் பாலிலும் கண்டார். சோதனைகள் விரிந்தபோது கிடைத்த கணக்கு இது: தீவின் ஆடுகளில் பாதிக்கு நெருக்கமானவை நோய் தொட்டவை, ஏறக்குறைய பத்தில் ஒன்று பாலில் கிருமியை வெளியேற்றுகிறது. அந்தப் பாலைக் குடித்த குரங்குகள் காய்ச்சலில் விழுந்தன.

பாலின் நிறத்தில் மாற்றமில்லை. சுவையில் மாற்றமில்லை. ஒரே ஆட்டின் பாலில் ஒரு நாள் கிருமி இருக்கும், இன்னொரு நாள் இருக்காது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பக் கூடாது என்பார்கள். இங்கே வெளுத்தது உண்மையிலேயே பால்தான். நல்ல, கெட்டியான, கலப்படமில்லாத பால். அதனால்தான் யாரும் சந்தேகிக்கவில்லை.

மடிக்குள் நடந்தது

ஆட்டுப்பால் எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால்தான் அந்தப் பத்தில் ஓர் ஆடு எப்படி நலமாகத் தோன்றியது என்பது விளங்கும்.

பால் வேண்டுமானால் ஆடு குட்டி ஈன வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈன்ற பின் நல்ல கறவை ஆடு பத்து மாதம் வரை கறக்கும். மடி இரண்டு பாதிகளாக இருக்கும், பாதிக்கு ஒரு காம்பு. ஒரு பாதிக்குள் ஆயிரக்கணக்கான நுண்பைகள். இரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்து அந்தப் பைகளின் சுவரில் உள்ள செல்கள் பாலைச் சுரக்கின்றன. பசுவின் மடியைவிட ஆட்டின் மடியில் செல்களின் ஓரங்கள் கொஞ்சம் பிய்ந்து பாலோடு கலப்பது அதிகம். அதனால் ஆட்டுப்பாலில் செல் எண்ணிக்கை இயல்பாகவே கூடுதல். பசுவுக்கு வகுத்த மடிநோய் அளவுகோலை அப்படியே ஆட்டுக்கு வைத்தால் தவறாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது புரூசெல்லா மெலிட்டென்சிஸ் என்று அழைக்கப்படும் அந்தக் கிருமிக்குச் சினையாடு மிகவும் உகந்த இடம். நஞ்சுக்கொடியில் பெருகி, சினையின் பிற்பகுதியில் குட்டி வீசவைக்கும், அதாவது நிறைமாதத்துக்கு முன்பே கருவை வெளியேற்றிவிடும். மாடுகளில் கன்று வீச்சு நோய் என்று சொல்கிறார்களே, அதன் நெருங்கிய உறவு இது. ஒருமுறை குட்டி வீசிய ஆடு அடுத்த சினையைப் பெரும்பாலும் நிறைமாதம் வரை சுமந்து, நல்ல குட்டியே ஈனும். ஆட்டுக்காரர் கண்ணில் அது தேறிய ஆடு. கிருமியோ எங்கும் போகவில்லை. மடியிலும் மடிக்கு மேலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் உட்கார்ந்துவிட்டது. ஆடு ஈனும்போதெல்லாம் கழிவில் வெளியேறும், கறக்கும்போதெல்லாம் விட்டுவிட்டுப் பாலில் வரும். ஒரு கறவைக் காலத்தோடு முடியாமல் அடுத்ததிலும் தொடரலாம்.

ஓர் ஆட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வழிகள் நிறைய. ஈன்ற இடத்தின் ஈர மண், சிறுநீர், நஞ்சுக்கொடியை முகர்ந்து நக்கும் மற்ற ஆடுகள், கறப்பவரின் கழுவாத கை. வாசல் வாசலாகப் போகும் ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைக் கறந்த கையோடு அடுத்ததைக் கறப்பார். இடையில் கை கழுவ எங்கே போவார்? மால்டாவின் ஆடுகள் மடி பெருத்தவை. நடக்கும்போது சிலவற்றின் மடி தரையை உரசாத குறையாகத் தொங்கும். தெருவில் கிடக்கும் அனைத்தும் காம்பில் ஒட்டும்.

கப்பல்

ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளிடம் நடந்த சோதனை, அதே ஆண்டில் தற்செயலாக ஒரு கப்பலில் மனிதர்களிடம் நடந்தது. அமெரிக்காவில் பாலாடு வளர்ப்பைத் தொடங்கும் எண்ணத்தில் அந்நாட்டு வேளாண் துறை, பால் வளத்துக்குப் பேர்போன மால்டா ஆடுகளை வாங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆடுகள் 1905 ஆகஸ்டில் ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் நோக்கிப் புறப்பட்டன. எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை.

கடல் நடுவே இத்தனை கறவை ஆடுகள் இருந்தால் என்ன ஆகும்? கப்பலில் இருந்தவர்கள் பாலை ஆசைதீரக் குடித்தார்கள். அதிலும் இரண்டு விதம். அதிகாரிகளுக்குப் பல ஆடுகளின் பால் ஒரே பெரிய பாத்திரத்தில் சேர்த்துக் கறக்கப்பட்டது. மாலுமிகள் ஆளுக்கொரு தகரக் குவளையோடு போய், தனக்குப் பிடித்த ஓர் ஆட்டிடம் கறந்து குடித்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் இறங்கியதும் பலர் கலைந்து போனார்கள். எஞ்சியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, தொடர்ந்து பால் குடித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். இரத்தச் சோதனையும் அதையே சொன்னது.

அந்தப் பெரிய பாத்திரமும் தகரக் குவளையும் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். குவளைக்காரர் சூதாடுகிறார். அவருடைய ஆடு அந்தப் பத்தில் ஒன்றாக இல்லாவிட்டால் தப்பித்தார். பெரிய பாத்திரத்தில் குடிப்பவருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பத்து ஆடுகளின் பாலில் ஒன்று கெட்டதாக இருந்தாலும் அனைவர் கிண்ணத்திலும் அது இருக்கும். இன்றைய பண்ணையில் குளிரூட்டும் தொட்டியின் முன்னால் நிற்பவர் அந்தக் கப்பலின் அதிகாரி இடத்தில்தான் நிற்கிறார். சேர்த்துக் கறப்பது பாலைச் சீராக்கும், கொழுப்பு அளவை நிலைப்படுத்தும், சோதனைக்கும் வசதி. கூடவே, ஒரு மடியின் நோயை முழு மந்தையின் நோயாக்கவும் செய்யும். சேர்க்கும் இடத்தில் சூடாக்கும் வசதி இல்லையென்றால் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆடுகள் அங்கிருந்து அமெரிக்கா போய் நியூ ஜெர்சியில் தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைக்கப்பட்டன. அங்கே அந்தப் பாலைக் குடித்த ஒரு பெண்ணும் நோயில் விழுந்தார். கடைசியில் மந்தை அழிக்கப்பட்டது.

உத்தரவு

1906ஆம் ஆண்டின் நடுவில், மால்டாவின் இராணுவ, கடற்படை மருத்துவமனைகளிலும் பாசறைகளிலும் ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் டப்பாவில் அடைத்த கெட்டிப்பால். 1905இல் இராணுவத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். 1907இல் அந்த எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. கடற்படையிலும் அதேபோல் சரிந்தது.

நோய் தானாக ஏறி இறங்கும் இயல்புடையதாயிற்றே, உத்தரவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பதில் அதே தீவில் இருந்தது. அதே தெருக்களில், அதே ஆண்டுகளில், வாசலில் கறந்த பாலைத் தொடர்ந்து குடித்த பொதுமக்களிடையே நோய் அப்படி விழவில்லை. யாரும் திட்டமிடாமலே ஒப்பீட்டுக் குழு ஒன்று அமைந்துவிட்டது. இன்னொரு பிரிட்டிஷ் தளமான ஜிப்ரால்டரும் சாட்சி சொன்னது. அங்கே மால்டா ஆடுகளின் வரத்து குறையக் குறைய, காய்ச்சலும் குறைந்து மறைந்தது.

பாராட்டு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதில் கசப்பு உண்டு. புரூஸ் பின்னாளில் இதைப் பற்றிப் பேசியபோதும் எழுதியபோதும் ஸம்மிட்டுக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்ற மனக்குறை மால்டாவில் நெடுநாள் இருந்தது. கிருமியின் பேரினத்துக்கு 1920இல் புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று பெயர் வைக்கப்பட்டது. ஸம்மிட்டுக்கு 1930இல் சர் பட்டம் கிடைத்தது. ஆடுகளை நினைத்துப் பார்த்தவர் அவர் என்பதால் என் ஓட்டு அவருக்குத்தான்.

எந்தக் கண்ணி அறுந்தது

இப்போது பாதையை மறுபடி நடந்து பார்க்கலாம். வாசல் கறவையில் பால் மடியிலிருந்து வாய்க்குப் போக எடுத்த நேரம் சில நிமிடங்கள். புத்தம் புதிய பால் என்ற பெருமை அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்தது. பாலைப் பாதுகாப்பாக்கும் ஒவ்வொரு வேலைக்கும், அதாவது ஆட்டைச் சோதிக்க, நோயுற்றதை விலக்க, பாலைச் சூடாக்க, நேரமும் நிறுத்தமும் தேவை. எங்கும் நிற்காத பாலில் எதையும் செய்ய முடியாது. கலப்படத்தைத் தடுக்க மக்கள் கண்டுபிடித்த உபாயம், வேறு எந்தத் தடுப்புக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அவர்கள் ஏமாளிகள் இல்லை. தண்ணீர் கலக்காமல் காவல் காத்தார்கள், தண்ணீர் கலக்கவில்லை. காவலுக்கு அகப்படாத ஒன்று காம்பின் உள்ளிருந்தே வந்தது.

கறவைச் சுத்தம் இதைத் தடுத்திருக்குமா? பாதிதான். காம்பைத் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரிந்திருக்கிறதா, நூல் நூலாக வருகிறதா என்று பார்ப்பது எந்தப் பண்ணையிலும் நல்ல வழக்கம். மடிவீக்கம் அதில் மாட்டும். காம்பு வழியே மேலேறும் கிருமிகள் குறையும். ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தின் வழியே மடிக்கு வந்து பாலோடு இறங்குவது. கையை எத்தனை முறை கழுவினாலும் அது வரும். முதல் பீச்சும் கடைசிப் பீச்சும் ஒரே வெண்மை. வடிகட்டி அதைப் பிடிக்காது. குளிரூட்டலும் இதில் கைகொடுக்காது. 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் பாலைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் பெருக்கம் அடங்கும், பால் கெடாமல் இருக்கும். புரூசெல்லா குளிரில் சாவதில்லை, காத்திருக்கும்.

வெப்பம் அதைக் கொல்லும், அதுவும் எளிதாக. 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. பாஸ்ச்சரைஸ் செய்யும் வழக்கமான அளவுகள் இவை, வீட்டு அடுப்பில் ஒரு கொதி வந்தாலும் போதும். மால்டாவின் அதிகாரி உணவுக்கூடத்தில் தேநீரிலும் காப்பியிலும் பச்சைப்பாலை ஊற்றிக்கொண்டார்கள். கோப்பையில் இருக்கும் சூடு அந்தப் பாலைக் கிருமி சாகும் அளவுக்கு, சாகும் நேரம்வரை வைத்திருக்காது. ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு, சில நிமிடங்கள் என்று விஷயம் இவ்வளவு சிறியது. அரை நூற்றாண்டாகச் சாக்கடையைத் தோண்டியதை நினைத்தால் ஆற்றாமைதான் வருகிறது.

ஆட்டுப்பாலுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டுப் பண்ணையில் பழகியவர்கள் இதில் வழுக்கி விழுவதுண்டு. மாட்டு மந்தையில் இந்த நோயைக் கண்டறியப் பால் வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. சாயமேற்றிய கிருமியைப் பாலில் சேர்த்து வைத்தால், நோய் எதிர்ப்புப் பொருள் அதைக் கொழுப்புத் துளிகளோடு ஒட்டவைக்கும், மேலே எழும் ஆடையில் நிற வளையம் தெரியும். தொட்டிப் பாலிலேயே செய்யலாம், மலிவு, விரைவு. ஆட்டுப்பாலில் இதை நம்ப முடியாது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை, பசும்பாலில் போல அவை ஒன்றோடொன்று ஒட்டி மேலெழுவதில்லை. பாலைப் பல மணி நேரம் வைத்தாலும் ஆடை லேசாகத்தான் கட்டும். வளையம் எதில் தெரியும்? ஆகவே ஆடு ஆடாக இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். 1905இல் ஸம்மிட் செய்ததும் அதுதான். இன்று சோதனைப் பொருள்கள் மாறியிருக்கின்றன. ஒரு சொட்டுத் தெளிநீரையும் ரோஸ் பெங்கால் சாயமேற்றிய கிருமிக் கலவையையும் தட்டில் கலந்து ஆட்டினால் நான்கு நிமிடத்தில் மணல் மணலாகத் திரளும். அடிப்படை அதே திரட்சிதான்.

பாஸ்ச்சரைஸ் சரியாக நடந்ததா என்று பார்க்கும் பாஸ்பேட்டேஸ் சோதனையிலும் இதே எச்சரிக்கை. சூட்டில் அழியும் ஒரு நொதி பாலில் மிச்சமிருக்கிறதா என்று அது பார்க்கிறது. அந்த நொதி ஆட்டுப்பாலில் இயல்பிலேயே குறைவு. பசும்பாலுக்கு வைத்த வரம்பை வைத்துக்கொண்டால், சரியாகச் சூடாக்காத ஆட்டுப்பாலும் தேறிவிடக்கூடும்.

தடுப்பூசி உண்டு. 1950களில் உருவான ரெவ்-1 என்ற, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி இன்றும் ஆடுகளுக்குப் போடப்படுகிறது. பெட்டைக் குட்டிக்கு மூன்று முதல் ஆறு மாத வயதில் போடுவது முறை. சினையாட்டுக்குப் போட்டால் குட்டி வீசக்கூடும். போடும் ஆளின் கையில் ஊசி குத்தினால் அவருக்கே நோய் வரலாம், அதுவும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத வகையில். நல்ல ஆயுதம்தான், கையாளத் தெரிந்தவர் கையில்.

பின்கதை

மால்டாவின் பொதுமக்களுக்குப் பாஸ்ச்சரைஸ் செய்த பால் 1938இல்தான் வந்தது. ஸம்மிட்டின் சோதனைக் குழாய்க்கும் அதற்கும் இடையே 33 ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. தெருவில் ஆடு ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அது ஒரே வருமானம். நலமாக நிற்கும், நன்றாகக் கறக்கும் ஓர் ஆட்டைக் காட்டி, இது நோயாளி, இதைக் கொல்ல வேண்டும் என்றால் எந்த ஆட்டுக்காரர் நம்புவார்? அவர் கண்ணுக்கு ஆதாரமில்லை, கண்ணாடிக் குழாயின் அடியில் படிந்த பொடிதான் ஆதாரம். வாங்குபவருக்கோ, எங்கோ ஒரு நிலையத்தில் சூடாக்கிப் புட்டியில் அடைத்து வரும் பால், தான் பார்க்காமல் கறந்த பால். எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்களோ என்ற பழைய சந்தேகம் திரும்பி வந்துவிடும். படையினருக்கு ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. ஊருக்குப் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

பாலை நிலையத்துக்குள் கொண்டுவந்த பிறகும் ஒரு வழி திறந்தே இருந்தது. புதிதாகத் திரித்துச் செய்யும் மென்மையான பாலாடைக்கட்டிக்குப் பச்சைப்பால்தான் ருசி என்று நினைப்பவர்கள் எங்கும் உண்டு. நீண்ட மாதங்கள் முதிரவைக்கும் கட்டியில் புளிப்பும் வறட்சியும் சேர்ந்து கிருமியை அழிக்கும். சில நாட்களில் தின்னும் ஈரக் கட்டியில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1995இல் மால்டாவில் இந்த நோய் மறுபடி பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தபோது, விசாரணை போய் நின்ற இடம் பாஸ்ச்சரைஸ் செய்யாத பாலில் செய்த அந்த மென்கட்டி. இந்த முறை ஆடு தெருவுக்கு வரவில்லை, மாடிப்படி ஏறவில்லை. பால் மட்டும், அன்று போலவே, அடுப்பைப் பார்க்காமல் வீட்டுக்குள் போயிருந்தது.